வால்தேரா பேசாத ஆறு விநாடி

சாந்தோ தொமிங்கோ,
பிப்ரவரி 12

வில்,

கைப்பேசியில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. அதனால் காகிதத்தில் எழுதி, சான் பெத்ரோ பேருந்தின் பார்சல் சன்னலில் கொடுக்கப் போகிறேன். நேற்று அங்கே விசாரித்தபோது சன்னலில் இருந்த பெண், "வெறும் கவரா? காதல் கடுதாசியா?" என்று கேட்டாள். வேலை விஷயம் என்றேன். அவள் முகத்தைப் பார்த்தால் நம்பியதாகத் தெரியவில்லை.

நிஜமாகவே வேலை விஷயம்தான். நீயும் நானும் மூன்று வருடம் உட்கார்ந்து எழுதிய 'ஏழு பாலங்கள்' கணினி விளையாட்டு ஜூலையில் வெளியாகிறது. போன வாரம் கல்லூரிப் பிள்ளைகள் இருபது பேரைக் கூப்பிட்டு ஆடவிட்டுப் பார்த்தோம். இருபது பேரும் என் வால்தேராவைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். ஆட்டத்தில் அவளைவிட நன்றாக வாள் சுற்ற ஆள் கிடையாது, அது ஒரு காரணம். உன் ஓபானையும் சேர்த்துக்கொண்டார்கள், காயத்துக்குக் கட்டுப் போட அவன் வேண்டுமே. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வால்தேரா ஓபானின் ஆட்களான உப்பளத்தாரைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்வாள் அல்லவா, அவர்கள் கை பட்ட ரொட்டி பூசணம் பூத்துப்போகும், கண்ணைப் பார்த்தால் கரு கலையும் என்று? அதற்கு ஆமாம் போட்டால் அவளோடு ஐந்து நெருக்கப் புள்ளி ஏறும், மறுத்துப் பேசினால் ஐந்து இறங்கும். இருபதில் பதினெட்டுப் பேர் ஆமாம் போட்டார்கள். சாதுவான முகத்தோடு ஒரு பெண், "எனக்கு ஓபானத்தான் பிடிக்கும். ஆனா வால்தேரா கோச்சுக்கிட்டா சண்டையில யாரு காப்பாத்துவா?" என்றாள்.

அப்புறம் நான்காவது பாலம். காவலர்கள் ஓபானைப் பிடித்துக்கொண்டு, "இந்த உப்பளத்தான் யாரோட ஆளு?" என்று கேட்கிற இடம். உப்பளத்தார்மேல் இருந்த பயம் ஆட்டத்தில் தீர்ந்த வால்தேரா, "எங்களோட வந்தவன்" என்பாள். பயம் தீராத வால்தேராவுக்கு நான் ஒரு சாக்கு வசனம் எழுத வேண்டியிருந்தது. எழுத மறந்துவிட்டேன். கட்டம் காலியாக இருந்தால் நம் மென்பொருள் என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும், ஆறு விநாடி காத்திருந்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போகும். வால்தேரா ஆறு விநாடி சும்மா நின்றாள், ஓபானை இழுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் வேண்டுமென்றே செய்தது என்று பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள். ஒருவன் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

அடுத்து ஓபான் விடுபட்டு முகாமுக்குத் திரும்பும் காட்சி. அது உன்னுடையது, இன்னும் எழுதப்படவில்லை. ஓபான் மன்னிக்க வேண்டும் என்கிறார் முதலாளி அன்செல்மோ. நான் எழுதிப் பார்த்தேன், பாதிரியார் மாதிரி பேசுகிறான். எழுதி அனுப்பேன்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அதற்காகத்தான் நீ ஊருக்குப் போனாய் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

நெரேய்டா


சான் பெத்ரோ,
பிப்ரவரி 21

நெரேய்டா,

அம்மாவின் முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. சந்தைக்கு நடந்து போய்ச் சுமையோடு நடந்து வருகிறாள். நான் ஏன் வந்தேன் என்று அந்த அலுவலகத்தில் தெரிந்தவள் நீ ஒருத்திதான். மறந்திருந்தால் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர், வியாழக்கிழமை, மதியம் ஒன்றரை மணி. அலுவலகத்துக்கு எதிரே வாழைக்காய் வறுவல் வண்டி. என் கையில் இரண்டு தட்டு, ஒன்று உனக்கு. ஹைத்திக்கு நாடு கடத்த ஆள் பிடிக்கிற லாரி வந்து நின்றது. என் நிறத்தைப் பார்த்து இறங்கி வந்தார்கள். அடையாள அட்டையைக் காட்டினேன், போலி என்றார்கள். என் தாத்தா ஹைத்தியிலிருந்து எல்லை தாண்டிக் கரும்பு வெட்ட வந்தவர். அம்மாவும் நானும் இங்கேயே பிறந்தவர்கள். அட்டை அசல். என் கையைப் பிடித்திருந்தவன் கூட்டத்தைப் பார்த்து, "இவன இங்க யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டான். பத்தடி தள்ளி நீ நின்றிருந்தாய். உன் பெயரைச் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன். நீ மருந்துக் கடைக்குள் போய்விட்டாய்.

மூன்று நாள் ஒரு முற்றத்தில் வைத்திருந்தார்கள். அம்மா என் பிறப்புச் சான்றிதழைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அட்டை அசல்தான் என்று கடைசியில் யாரோ கண்டுபிடித்து வெளியே விட்டார்கள்.

இன்னொன்று. பொருளை எடுக்க அலுவலகத்துக்கு வந்த அன்று நீ விடுப்பு. என் சார்ஜர் உன் மேசை இழுப்பறையில் இருந்தது. திறந்தேன். அம்மா உனக்கென்று கொடுத்தனுப்பிய தேங்காய் மிட்டாய் ஏழு பொட்டலம் உள்ளே இருந்தது. ஒன்றைக்கூட நீ பிரிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும், "அம்மாகிட்ட சொல்லு, பிரமாதம்" என்பாய், நானும் போய்ச் சொல்வேன். ஓபான் வைக்கும் சூப்பை வால்தேரா யாரும் பார்க்காதபோது கீழே ஊற்றுவாளே, எவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறாய் என்று உன்னைப் பாராட்டியிருக்கிறேன். எங்கிருந்து எடுத்தாய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆறு விநாடி என்கிறாய். அது பெரிய சலுகை. அன்றைக்கு நான் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு அதைவிட நிறைய நேரம் நின்றேன்.

ஓபானை நான் எழுதப் போவதில்லை. உங்கள் பாதிரியாரே மன்னித்துவிட்டுப் போகட்டும்.

வில்னேர்


சாந்தோ தொமிங்கோ,
மார்ச் 4

வில்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை எனக்குக் கோபம்தான் வந்தது, ஒளிப்பானேன். அவர்கள் நான்கு பேர், இடுப்பில் துப்பாக்கி. நான் வாய் திறந்தால் உனக்கு இன்னும் இரண்டு அடி விழும் என்று நினைத்தேன். மருந்துக் கடைக்குள் போனதும் அங்கிருந்த எடை பார்க்கும் கருவிமேல் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து வெளியே வந்தபோது லாரி இல்லை. அன்று சாயங்காலமே உன் அம்மாவுக்குப் பேச எண்ணைத் தேடினேன், என்னிடம் இல்லை. மூன்று வருடத்தில் நான் கேட்டு வாங்கிக்கொண்டதே இல்லை.

மிட்டாய் விஷயத்துக்கு வருகிறேன். சின்ன வயதில் எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தது. அந்த ஆட்கள் கொடுப்பதை வாயில் வைக்காதே, ஏதாவது மந்திரித்துக் கொடுத்திருப்பார்கள் என்று. எனக்கு முப்பத்து நாலு வயது. நான் அதை நம்பவில்லை. ஆனால் சாப்பிடவும் இல்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. அதனால் இழுப்பறையில் கிடந்தது. வால்தேராவுக்கு அந்தக் குணத்தை எழுதியபோது, எழுதித் தள்ளிவிட்டால் என்னை விட்டுப் போய்விடும் என்று ஒரு நினைப்பு. போகவில்லை.

அன்செல்மோ அந்தக் காலிக் கட்டத்தை நிரப்பச் சொல்கிறார். ஏதாவது ஒரு வரி போடு, பிழை மாதிரித் தெரிகிறது என்கிறார். நான் உட்கார்ந்து வால்தேரா ஏன் பேசவில்லை என்பதற்குப் பதினோரு சாக்கு எழுதினேன். காவலர்களிடம் ஆயுதம், பேசினால் அவனுக்குத்தான் ஆபத்து, மற்றவர்களையும் பிடித்துவிடுவார்கள், இப்படி. பதினொன்றும் நன்றாக வந்திருக்கின்றன வில். படிக்கிற யாரும் தலையாட்டுவார்கள். அதனால்தான் பதினொன்றையும் அழித்துவிட்டேன். எதையும் போடாமல் கட்டத்தைக் காலியாகவே வைத்திருக்கிறேன்.

நெரேய்டா


சான் பெத்ரோ,
மார்ச் 13

நெரேய்டா,

எடை பார்க்கும் கருவிமேல் உட்கார்ந்ததைப் படித்து, வேண்டாம் என்று நினைத்தும் சிரித்துவிட்டேன். அதற்காக விஷயம் தீர்ந்தது என்று நினைக்காதே.

இங்கே பகலில் நகல் எடுக்கிற கடையில் நிற்கிறேன். கூட்டம் இல்லாதபோது வால்தேராவைப் பற்றி யோசிக்கிறேன், உன்னைப் பற்றி யோசிப்பதைவிட அது சுலபம். நாம் இரண்டு பேரும் அவளைத் தப்பாக எழுதியிருக்கிறோம். அவள் உப்பளத்தாரைப் பார்த்துப் பயப்படுவது பழகாததால்தான், பழகினால் போய்விடும் என்று நீ சொன்னாய், நானும் சோம்பேறித்தனமாகச் சரி என்றேன். மூன்று பரிசு கொடு, கூடச் சேர்ந்து ஒரு அரக்கனைக் கொல்லு, பயம் போச்சு. இப்படியெல்லாம் யாருக்குப் போயிருக்கிறது?

நான்காவது பாலத்துக்கு வருவதற்குள் அவள் ஓபானோடு நாற்பது மணி நேரம் நடந்திருக்கிறாள். விலாவில் பட்ட அம்பை அவன்தான் பிடுங்கினான். அவன் என்ன ராகத்தில் குறட்டை விடுவான் என்பதுகூட அவளுக்குத் தெரியும். பாலத்தில் அவளுக்கு ஓபானைப் பார்த்துப் பயம் இல்லை. ஓபானுக்குப் பக்கத்தில் அவள் நிற்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்றுதான் பயம். உன் கல்லூரிப் பிள்ளைகளும் அப்படித்தான். அவர்களில் யாருக்கும் ஓபான்மேல் வெறுப்பு இல்லை, அந்தப் பெண்ணே சொல்லியிருக்கிறாள். வால்தேராவோடு புள்ளி இறங்கக் கூடாது, அவ்வளவுதான்.

என்னையும் உனக்கு மூன்று வருடமாகத் தெரியும். மந்திர மிட்டாய்க்குப் பயந்த நீ மந்திரத்துக்குப் பயந்தா மருந்துக் கடைக்குள் ஓடினாய்? துப்பாக்கிக்கா? வறுவல் விற்கிற கிழவி அந்தத் துப்பாக்கிக்கு எதிரேதான் நின்று, "தெனம் இங்கதான்யா சாப்பிடுறான், விடுங்கய்யா" என்று சொன்னாள். அவளை யாரும் சுடவில்லை.

அன்றைக்கு நீ யாரோடு புள்ளி இறங்கக் கூடாது என்று பார்த்தாய்? அதை எழுது. அது வருகிறவரை ஓபான் முகாமுக்குத் திரும்ப மாட்டான்.

வில்னேர்


சாந்தோ தொமிங்கோ,
மார்ச் 31

வில்,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உன் கையைப் பிடித்திருந்தவன், முன்பல்லில் தங்கம் கட்டியவன், என் அக்கா யோகாஸ்தாவின் புருஷன். பெயர் ராதாமேஸ். யாருக்காவது தெரியுமா என்று அவர் கேட்டது கூட்டத்தை இல்லை. நீ என் பெயரைச் சொன்னதும் அவர் என்னைப் பார்த்தார். இவன் உனக்கு வேண்டியவனா என்று கேட்கிற மாதிரி மோவாயை உயர்த்தினார். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும், வாயைக்கூடத் திறந்திருக்க வேண்டாம். துப்பாக்கிக்குப் பயந்தேன் என்று எழுதினேனே, அது பொய். அந்தத் துப்பாக்கியை அவர் ஞாயிற்றுக்கிழமை கழற்றி அக்கா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிமேல் வைப்பார், நான் அதைத் தள்ளி வைத்துவிட்டு ரொட்டி எடுப்பேன்.

அவர் கெட்டவர் இல்லை என்று எழுத வருகிறது, பார். என் அம்மா அவர் வீட்டில்தான் இருக்கிறாள். அப்பாவின் சவப்பெட்டிக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவர் அவர். எனக்குப் பயம், அவர் வீட்டுக்குப் போய், "உன் தங்கச்சி ஹைத்திக்காரனோட தட்டு மாத்திச் சாப்பிடுறா" என்று சொல்லிவிடுவார், எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று. அவ்வளவுதான் வில். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் சங்கடப்படக் கூடாது என்று உன்னை லாரியில் ஏற்ற விட்டேன்.

இன்னும் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையில் அவர் சொன்னார், "உங்க ஆபீசுக்கு எதிர்ல ஒருத்தன தூக்குனோம். லாரியில ஏத்துறப்பகூட ரெண்டு தட்டையும் கீழ விடல, கேட்டியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நெரேய்டா


சான் பெத்ரோ,
ஏப்ரல் 9

நெரேய்டா,

அவன் மோவாயை உயர்த்தியதை நானும் பார்த்தேன். அவன் கண் போன திசையில் நீ இருந்தாய். உங்கள் இருவருக்கும் பழக்கம் உண்டு என்று அப்போதே தெரிந்துவிட்டது, உறவு என்னவென்றுதான் தெரியாது. நீயாகச் சொல்கிறாயா என்று பார்த்தேன். ஐந்து மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

சொன்னால் எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. தட்டுக் கதைக்கு நீங்கள் சிரித்தது எனக்குப் புதுச் செய்தி. இரண்டு நாள் கடைக்குப் போகவில்லை. அம்மா என்ன என்று கேட்டாள், வயிறு சரியில்லை என்றேன்.

காட்சியை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உனக்காக இல்லை. ஓபான் பாவம், அவனைப் பாதிரியாரிடம் விட முடியாது. சுருக்கமாகச் சொல்கிறேன். மலைப்பாதை முகாம் வழியாகத்தான் போகிறது, அதனால் அவன் வருகிறான். நெருப்புக்கு எதிர்ப்பக்கம் உட்காருகிறான். வால்தேரா, "சாப்பிட்டியா?" என்கிறாள். ஓபான் சொல்கிறான், "எனக்குத் தெரிஞ்சவன்னு ஒரு வார்த்தை. அதுக்கு மேல ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேன்." அவ்வளவுதான் காட்சி. மன்னிப்பு இல்லை. அன்செல்மோவுக்கு வேண்டுமென்றால் கதையின் முடிவில் வேறு யாரையாவது வைத்து யாரையாவது மன்னித்துக்கொள்ளட்டும்.

ஒரு மாற்றம் கேட்கிறேன். அந்தக் காட்சிக்குப் பிறகு ஓபானின் நெருக்கப் புள்ளிப் பட்டையைத் திரையிலிருந்து எடுத்துவிடு. அவன் கூட வருவான், சண்டை போடுவான், கட்டுப் போடுவான். மனதில் என்ன வைத்திருக்கிறான் என்று ஆடுகிறவருக்குத் தெரியக் கூடாது. பரிசு கொடுத்தால் வாங்கிக்கொள்வான், ஏறியதா இறங்கியதா என்று காட்டக் கூடாது. தெருவில் எதிரே வருகிறவன் என்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று எனக்கு யாரும் பட்டை போட்டுக் காட்டுவதில்லை. அவர்களும் கொஞ்ச நேரம் அப்படி ஆடிப் பார்க்கட்டும்.

வில்னேர்


சாந்தோ தொமிங்கோ,
ஏப்ரல் 22

வில்,

காட்சியை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் சேர்த்துவிட்டேன். பட்டையை எடுத்தாயிற்று. கொடுத்த பணத்துக்குக் குறை என்று ஆடுகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றார் அன்செல்மோ. அப்போதுதான் நீ ஏன் போனாய் என்பதை எல்லோர் முன்னாலும் சொன்னேன், முழங்கால் கதையை நான் கட்டியதையும் சொன்னேன். பிறகு அன்செல்மோ, "அந்த ஆறு விநாடியும் அப்படியே இருக்கட்டும்" என்றார். ஒலிப்பதிவுப் பெண் அன்றிலிருந்து என்னோடு சாப்பிட வருவதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

பெரிய வெள்ளிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். அவரைக்கொட்டைப் பாயசம் காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தாள். பதினாறு பேர் இருந்தோம். எப்படி ஆரம்பிப்பது என்று பாடம் பண்ணிக்கொண்டு போனது எதுவும் வாயில் வரவில்லை. "அத்தான், அன்னைக்கு ரெண்டு தட்டோட ஒருத்தன ஏத்துனீங்களே, அவன் பேரு வில்னேர். மூணு வருஷமா என்கூட வேலை பார்த்தவன். ரெண்டாவது தட்டு எனக்கு வாங்கினது. நீங்க கேட்டப்ப நான்தான் தெரியாத மாதிரி நின்னுட்டேன்" என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "அட பைத்தியமே, ஒரு கண்ணக் காட்டியிருந்தா எறக்கி விட்டிருப்பேனே" என்றார். அவ்வளவு லேசாகச் சொன்னார் வில். "அப்ப கண்ணக் காட்ட ஆள் இல்லாதவங்க?" என்று கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். யார் வீட்டில் உட்கார்ந்து யாரைக் கேட்கிறாய் என்று அக்கா ஆரம்பித்தாள். அம்மா, ஆறிவிடும், எல்லோரும் சாப்பிடுங்கள் என்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன். அப்புறம் அந்த வீட்டிலிருந்து ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்கும் கூப்பிடவில்லை. அழுகிறேன்தான், ஆனால் அதை உன் கணக்கில் எழுதவில்லை.

இதைச் சொன்னதற்குப் பதிலாக எதுவும் கேட்கவில்லை. ஓபானுக்குக் குரல் கொடுக்க வந்த நடிகர் சரியாக இல்லை, உன்னையே கேட்கச் சொல்கிறார் அன்செல்மோ. கேட்டுவிட்டேன், முடிவு உன்னுடையது.

நெரேய்டா


சான் பெத்ரோ,
ஏப்ரல் 30

நெரேய்டா,

ஓபானுக்கு நான் குரல் கொடுக்கிறேன். மே 8, வியாழக்கிழமை, காலை பேருந்தில் வருகிறேன். அன்செல்மோவிடம் பேசிவிட்டேன். வால்தேராவுக்குப் பேசும் நடிகை அன்று வர முடியாதாம், எதிர் வசனத்தை யாராவது படிக்க வேண்டும் என்றார். நீ படிப்பாய் என்று சொல்லியிருக்கிறேன். நான்காவது பாலத்தையும் பதிவு செய்கிறோம். அந்த ஆறு விநாடியும் நீ என்னைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், காகிதத்தைப் பார்க்கக் கூடாது.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் எழுதியிருப்பேன். நாளைக்கு மாறுமா என்று எனக்கே தெரியாது. பெரிய வெள்ளியன்று நீ கேட்ட கேள்வியை மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அவள் அதைத் திரும்ப ஒரு தடவை சொல்லச் சொன்னாள்.

பதிவு மதியம் வரை போகும், அதற்குள் பசித்துவிடும். அலுவலகத்துக்குள் ஒளிந்து சாப்பிட எனக்கு இஷ்டம் இல்லை. தெருவுக்குப் போய், அதே வண்டிக்கு முன்னால் நின்று சாப்பிடப் போகிறேன். என்னோடு வருவதானால் வா. வந்தால் பக்கத்தில் நிற்க வேண்டும், பத்தடி தள்ளி நிற்கக் கூடாது. லாரி வந்தால், அதில் உன் அத்தான் இருந்தாலும் வேறு யார் இருந்தாலும், நான் அட்டையை எடுப்பதற்கு முன்னால் நீ பேச வேண்டும். எனக்கு மட்டும் என்று இல்லை, அந்த வரிசையில் நிற்கிற யாரைப் பிடித்தாலும் பேச வேண்டும். அது உன்னால் ஆகாது என்றால் இப்போதே எழுதிவிடு, வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறேன்.

வில்னேர்


சாந்தோ தொமிங்கோ,
மே 3

வில்,

கட்டிக்கொண்டு வராதே. தெருவில்தான் சாப்பிடுகிறோம். நான் பேசுகிறேன்.

நெரேய்டா